மேட்டில் திடீரென்று இழுவை போகும் வண்டி: எதை முதலில் பார்ப்பது?

#1 நாலாம்கியர்

1.5 லிட்டர் டர்போ டீசல், மேனுவல் கியர், 92,000 கி.மீ. ஓட்டம். சமதளத்தில் எந்தக் குறையும் இல்லை. நீண்ட மேட்டில், மூன்றாம் கியரில் ஆக்ஸிலேட்டரை முக்கால்வாசிக்கு மேல் மிதித்து 2,300 – 2,500 ஆர்பிஎம் வரும்போது இழுவை சட்டென்று விழுகிறது. அதற்குப் பிறகு எவ்வளவு மிதித்தாலும் முள் 2,800-ஐத் தாண்டாது. செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. ஓரங்கட்டி, சாவியை அணைத்து அரை நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் பழையபடி நன்றாக ஓடுகிறது. அடுத்த மேட்டில் மறுபடியும் இதே கதை.

கரும்புகை இல்லை. எஞ்சின் ஆயில் அளவு சரியாக இருக்கிறது, குறையவும் இல்லை. டீசல் ஃபில்டர் மாற்றி 8,000 கி.மீ. ஆகிறது. காட்டிய இடத்தில் டர்போவை மாற்றச் சொல்கிறார்கள். அது சரிதானா? அதற்கு முன் பார்க்கவேண்டியவை என்னென்ன?

#2 டீசல்கை

டர்போவில் கை வைக்காதீர்கள். நீங்கள் சொல்வது லிம்ப் மோடு. ஏதோ ஒரு சென்சார் அளவு எல்லை மீறியதும் ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) தானாகவே டீசலையும் பூஸ்ட்டையும் (டர்போ அழுத்தித் தள்ளும் கூடுதல் காற்று) குறைத்து எஞ்சினைக் காப்பாற்றுகிறது. சாவியை அணைத்துப் போட்டதும் சரியாகிறது என்றால் இரும்பு எதுவும் உடையவில்லை என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். உடைந்த டர்போ அரை நிமிட ஓய்வில் குணமாகாது.

"இழுவை போச்சு" என்று எல்லோரும் ஒரே சொல்லில் சொல்வதை ஆர்பிஎம் முள்ளைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளலாம்:

முள் மேலே ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் எஞ்சின் நன்றாகவே இருக்கிறது, கிளட்ச் வழுக்குகிறது. முள் ஓர் இடத்தில் சுவர் வைத்த மாதிரி நின்றுவிட்டால் லிம்ப் மோடு. முள் ஆடி ஆடி, வண்டி குலுங்கிக்கொண்டே திணறினால் மிஸ்ஃபயர் (சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் தவறுவது) அல்லது எரிபொருள் விட்டுவிட்டு வருகிறது. வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே முள் ஒரேயடியாகப் பூஜ்யத்துக்கு விழுந்தால் கிராங்க் சென்சார் (எஞ்சின் சுற்றுவதை ஈசியூவுக்குச் சொல்வது), இக்னிஷன் மின்சாரம், ரிலே இந்தப் பக்கம் போங்கள்.

இன்னொன்றும் உண்டு. முள் ஏறும், வண்டியும் ஏறும், ஆனால் பாரம் இழுக்கிற மாதிரி இருக்கும். நிறுத்தியதும் நான்கு வீல்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள் (தொடவேண்டாம்). ஒன்று மட்டும் அனல் அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

உங்களுடையது இரண்டாவது வகை. ஸ்கேனர் போட்டு, அது காட்டும் குறை எண்ணை (கோடு) மட்டுமல்ல, ஃப்ரீஸ் ஃப்ரேமையும் எழுதிக்கொள்ளுங்கள். விளக்கு எரிந்த அந்த நொடியில் ஆர்பிஎம், வேகம், லோடு, மேனிஃபோல்ட் அழுத்தம் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்), கூலண்ட் சூடு எவ்வளவு என்று ஈசியூ சேமித்து வைத்த பதிவு அது. கோடை அழித்தால் அதுவும் அழிந்துவிடும். பல வண்டிகளில் பேட்டரி டெர்மினலைக் கழற்றினாலும் அதே நஷ்டம்தான்.

#3 வழித்துணை

தேடுவதற்கு முன் ரோட்டில் செய்யவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

லிம்ப் மோடில் எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஸ்டியரிங், பிரேக் எல்லாம் வழக்கம்போலவே. ஹசார்ட் போட்டு, கியரைக் குறைத்து, மெதுவாகப் பாதுகாப்பான இடம் வரை போகலாம். வளைவிலும், மேட்டின் உச்சிக்குச் சற்றுக் கீழேயும் நிறுத்தாதீர்கள். பின்னால் வருகிறவருக்கு நீங்கள் கடைசி நொடியில்தான் தெரிவீர்கள்.

எஞ்சின் முழுதாக நின்றுபோனால் நிலைமை வேறு. ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும், ஆனால் திரும்பும். இரண்டு கையாலும் பிடியுங்கள். பிரேக் பூஸ்டரில் மிஞ்சியிருக்கும் வேக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அதனால் விட்டுவிட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்து நிறுத்துங்கள். ஓட்டத்தில் சாவியை லாக் நிலைக்குத் திருப்பவே கூடாது. ஆட்டோமேட்டிக் என்றால் நியூட்ரலுக்குத் தள்ளினால் உருளும்போதே ஸ்டார்ட் செய்து பார்க்கலாம். ஒரு முயற்சி போதும், இல்லையென்றால் ஓரங்கட்டுவதே வேலை.

வேகச் சாலையில் வண்டிக்குள் உட்கார்ந்திருக்க வேண்டாம். போக்குவரத்து இல்லாத பக்கத்துக் கதவு வழியாக எல்லோரும் இறங்கி, தடுப்புக்கு அப்பால் நில்லுங்கள்.

#4 நாலாம்கியர்

நன்றி. ஸ்கேனர் போட்டாயிற்று. கோடு பி0234. ஃப்ரீஸ் ஃப்ரேம்: 2,380 ஆர்பிஎம், 52 கி.மீ. வேகம், லோடு 96 சதவீதம், கூலண்ட் 91 டிகிரி, மேனிஃபோல்ட் அழுத்தம் 262 கிலோபாஸ்கல்.

ஓவர்பூஸ்ட் என்று வருகிறது. பூஸ்ட் அதிகமானால் வண்டி இன்னும் பாயத்தானே வேண்டும், ஏன் இழுவை விழுகிறது?

#5 டீசல்கை

அதிகமாகத்தான் பாய்ந்தது, ஒரு நொடி. ஈசியூ கேட்டது ஏறக்குறைய 230 என்றால் கிடைத்தது 262. எல்லையைத் தாண்டிச் சில நொடி நீடித்ததும் பூஸ்ட் முழுவதையும் விட்டுவிட்டு, டீசலையும் வெட்டிவிட்டது. நீங்கள் உணர்ந்தது அந்த வெட்டு.

இந்த வகை டர்போவில் எக்ஸாஸ்ட் பக்கத்தில் டர்பைனைச் சுற்றி மெல்லிய இதழ்கள் இருக்கும். மூடியிருந்தால் வழி குறுகி, புகை வேகமாக மோதி, குறைந்த ஆர்பிஎம்மிலேயே பூஸ்ட் ஏறும். ஆர்பிஎம் ஏற ஏறத் திறக்கவேண்டும். திறக்கத் தாமதமானால் பூஸ்ட் எகிறும். மேட்டில் முழு லோடில் புகையின் அளவு அதிகம். அந்தத் தாமதம் அங்கேதான் வெளிப்படும். சமதளத்தில் தெரியாததற்கு அதுவே காரணம்.

தாமதம் மூன்று இடத்தில் ஏற்படலாம்: கார்பன் படிந்து இதழ்களே இறுகிப்போவது, இதழ்களை அசைக்கும் ஆக்சுவேட்டர், அல்லது ஆக்சுவேட்டருக்கு வேக்குவத்தைக் கொடுத்து எடுக்கும் சோலினாய்டு வால்வ். கழற்றாமலேயே இவற்றைப் பிரித்துவிடலாம். உங்கள் வண்டியில் டர்போவின் பக்கத்தில் சிறு கிண்ணம் மாதிரி ஒன்றும், அதிலிருந்து ஒரு கம்பியும், மேலே ஒரு மெல்லிய ரப்பர் ஹோஸும் இருந்தால் அது வேக்குவம் வகை. வயர் சாக்கெட் மட்டும் இருந்தால் எலெக்ட்ரானிக் வகை. அதைக் கையால் தள்ளக்கூடாது, உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் உடையும்.

வேக்குவம் வகை என்றால்:

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். கம்பி உள்ளே இழுபட்டு நிற்கவேண்டும். இப்போது அணைக்கச் சொல்லிவிட்டு கம்பியையே பாருங்கள். ஒன்றிரண்டு நொடியில், தடங்கல் இல்லாமல், ஒரே ஓட்டமாகத் திரும்பவேண்டும். பாதியில் நின்று நின்று வந்தாலோ, வராமலே இருந்தாலோ, ஆக்சுவேட்டர் மேல் இருக்கும் ஹோஸை உருவுங்கள்.

உருவியதும் கம்பி டக்கென்று திரும்பினால் இதழ்களும் ஆக்சுவேட்டரும் நன்றாக இருக்கின்றன. உள்ளே மாட்டிய வேக்குவம் வெளியேற வழியில்லாமல் இருந்திருக்கிறது. உருவியும் திரும்பாவிட்டால் இதழ்கள் இறுகியிருக்கின்றன. அடுத்து கை வேக்குவம் பம்பை ஆக்சுவேட்டரில் மாட்டி மெதுவாக இழுங்கள். கம்பி சீராக ஏறவேண்டும், பம்பின் முள் ஒரு நிமிடமாவது இறங்காமல் நிற்கவேண்டும். முள் இறங்கினால் ஆக்சுவேட்டரின் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது (அப்படியென்றால் ஓவர்பூஸ்ட் வராது, பூஸ்ட் குறைவாகத்தான் வரும்).

டர்போவில் ஒரு ஸ்டாப் ஸ்க்ரூ இருக்கும், அதில் பெயின்ட் முத்திரை இருக்கும். அதைத் திருப்பாதீர்கள். காற்றின் அளவை வைத்து தயாரிப்பிலேயே செட் செய்தது. கையால் பழைய இடத்துக்குக் கொண்டுவர முடியாது.

#6 மீட்டர்முள்

டீசல்கை அண்ணா சொன்ன வரிசையில் எனக்கு ஒரு மாற்றம் உண்டு. கம்பிக்குப் போகும் முன் அந்த 262 என்ற எண்ணே உண்மையா என்று பார்த்துவிட வேண்டும். அதற்கு இரண்டு நிமிடம் போதும்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். லைவ் டேட்டாவில் (ஸ்கேனர் அந்த நேரத்தில் காட்டும் அளவுகள்) மேனிஃபோல்ட் அழுத்தத்தையும் காற்றழுத்தத்தையும் பாருங்கள். ஓடாத எஞ்சினில் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கவேண்டும். 2, 3 கிலோபாஸ்கல் வித்தியாசம் பரவாயில்லை. கடல் மட்டத்தில் 100-ஐ ஒட்டி, 1,000 மீட்டர் உயரத்தில் 90-ஐ ஒட்டி வரும். மேனிஃபோல்ட் மட்டும் 115 என்று காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது, டர்போவின் மேல் பழி வேண்டாம்.

டீசலில் ஈஜிஆர் (புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் அமைப்பு) புகையும் ஆயில் ஆவியும் கலந்து அந்தச் சென்சாரின் மூக்கில் கருப்பு மெழுகு மாதிரி அடைத்துக்கொள்ளும். அடைத்தால் எண் தவறாக வராது, தாமதமாக வரும். கழற்றி, சென்சார் கிளீனர் ஸ்ப்ரேயைத் தூரத்திலிருந்து அடித்து, தானாக உலரவிடுங்கள். குச்சி, ஊசி எதுவும் உள்ளே விடவேண்டாம்.

#7 டீசல்கை

சரியான திருத்தம். சென்சார் முதலில், கம்பி பிறகு.

#8 வெண்மேகம்

தலைப்புக்குப் பொருந்துவதால் இங்கேயே கேட்கிறேன். 1.2 லிட்டர் பெட்ரோல், டர்போ கிடையாது. ஒரு மணி நேரம் ஓடிச் சூடானதும் ஓட்டத்திலேயே அணைகிறது. ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. 25 நிமிடம் விட்டால் ஒரே ஸ்டார்ட். கோடு எதுவும் இல்லை. பம்ப் மாற்றவா, சென்சார் மாற்றவா?

#9 மல்டிமீட்டர்

இரண்டையும் இப்போது மாற்றாதீர்கள். இந்தக் குறையைப் பிடிக்க ஒரே நேரம்தான் உண்டு, வண்டி பிடிக்காமல் நிற்கும் அந்த 25 நிமிடம். குளிர்ந்த பிறகு எவ்வளவு அளந்தாலும் எல்லாம் சரியாகவே காட்டும். அதனால் ஸ்கேனரை வண்டியிலேயே வைத்திருங்கள்.

நின்றதும், சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுவந்து பின் சீட்டுப் பக்கம் காது கொடுங்கள். பெட்ரோல் பம்ப் ஏறக்குறைய இரண்டு நொடி "உய்ய்" என்று ஓடி நிற்கவேண்டும். அடுத்து, ஸ்டார்ட்டரைச் சுற்றிக்கொண்டே ஸ்கேனரில் ஆர்பிஎம்மைப் பாருங்கள். 150 முதல் 250 வரை ஏதாவது எண் வரவேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, ஸ்கேனரில் பூஜ்யம் என்றால் கிராங்க் சென்சார் அல்லது அதன் வயர். எஞ்சின் சுற்றுவதே ஈசியூவுக்குத் தெரியாததால்தான் ஸ்பார்க்கும் இல்லை, பெட்ரோலும் இல்லை, பல வண்டிகளில் கோடும் பதிவாவதில்லை. இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) விளக்கு வேகமாகச் சிமிட்டுகிறதா என்றும் ஒரு பார்வை.

இரண்டு பின் கொண்ட காந்தச் சுருள் சென்சார் என்றால் ஓம் அளக்கலாம். பெரும்பாலும் 500 முதல் 1,500 ஓம் வரை இருக்கும்; உங்கள் மாடலின் அளவை சர்வீஸ் புத்தகத்தில் பாருங்கள். குளிரில் 900, சூட்டில் முடிவிலி என்று போனால் சுருள் உள்ளே விட்டுப்போகிறது. மூன்று பின் ஹால் வகையை ஓமில் அளக்கவேண்டாம்; அதற்கு 5 அல்லது 12 வோல்ட் சப்ளையும் எர்த்தும் வருகிறதா என்று பார்த்து, சுற்றும்போது சிக்னல் மாறுகிறதா என்று பார்க்கவேண்டும். கழற்றினால் நுனியைத் துடையுங்கள், இரும்புத்தூள் மீசை மாதிரி ஒட்டியிருக்கும். வயர் எக்ஸாஸ்டை உரசி உருகியிருக்கிறதா என்பதையும் தடவிப் பாருங்கள். புதுச் சென்சார் போட்டும் திரும்ப வருகிற புகார்களுக்கு இந்த வயர்தான் வழக்கமான காரணம்.

ஆர்பிஎம் சரியாக வருகிறது, பம்ப் சத்தம் இல்லை என்றால் பம்பின் சாக்கெட்டில் வோல்ட் பாருங்கள். பம்ப் ஓடக் கட்டளை இருக்கும் நேரத்தில் அது பேட்டரி வோல்ட்டைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறையக்கூடாது. அங்கே 12.4-க்குப் பதிலாக 9 வந்தால் பம்ப் குற்றவாளி இல்லை. ரிலேயின் கான்டாக்ட் கருகியிருக்கும், அல்லது எர்த் துருப்பிடித்திருக்கும். வோல்ட் முழுதாக வந்தும் ஓடாவிட்டால்தான் பம்ப். ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்கு எரிபொருள் கொடுக்கும் குழாய்) கேஜ் மாட்ட முடிந்தால், இன்டேக் மேனிஃபோல்டில் பீய்ச்சும் பெட்ரோல் வண்டிகளில் 3 முதல் 4 பார் இருக்கவேண்டும். சூடான எஞ்சினின் மேல் பெட்ரோல் லைனைத் திறக்காதீர்கள். அழுத்தத்தை இறக்கி, எஞ்சின் ஆறிய பிறகே கேஜ்.

டேங்க் மூடியையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். "புஸ்" என்று காற்று உள்ளே இழுத்து, உடனே வண்டி பிடித்தால் டேங்கின் காற்றுவழி அடைத்திருக்கிறது.

#10 வெண்மேகம்

பின் சீட்டுப் பக்கம் சத்தம் வருகிறது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஸ்கேனரில் ஆர்பிஎம் பூஜ்யம். ஆறிய பிறகு 210 காட்டுகிறது. சென்சார் இரண்டு பின். குளிரில் 870 ஓம், ஹேர் டிரையரால் சூடாக்கினால் ஓப்பன்.

#11 மல்டிமீட்டர்

கிடைத்துவிட்டது. புதியதைப் போடும்போது பழைய ஓ-ரிங்கின் துண்டு துளைக்குள் தங்கியிருக்கக்கூடாது. தங்கினால் சென்சார் முழுதாக உட்காராது, இடைவெளி கூடி, அதிக ஆர்பிஎம்மில் விட்டுவிட்டு அடிக்கும். சில மாடல்களில் மாற்றிய பிறகு ஸ்கேனரால் கிராங்க் லேர்ன் (புதுச் சென்சாரை ஈசியூவுக்குப் பழக்குவது) செய்யவேண்டும், இல்லாவிட்டால் மிஸ்ஃபயர் கோடு பொய்யாக வரும்.

#12 கரிப்படலம்

பின்னால் படிக்க வருகிறவர்களுக்காக, இதுவரை பேசாத அடைப்பு வகைகள்.

டீசலில் டிபிஎஃப், அதாவது புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர். கரி நிறையும்போது வண்டி நாளுக்கு நாள் கனத்து, ஒரு கட்டத்தில் பி2463 போட்டு லிம்புக்குப் போகும். டிபிஎஃப் விளக்கு எரிய ஆரம்பித்த முதல் நாளிலேயே 15, 20 நிமிடம் 2,000 – 2,500 ஆர்பிஎம்மில் சீராக ஓட்டினால் தானே எரித்துக்கொள்ளும்; உள்ளே 600 டிகிரி அளவுக்குச் சூடாகும், அதனால் காய்ந்த புல் மேல் நிறுத்தாதீர்கள். செக் எஞ்சின் விளக்கும் சேர்ந்து எரிந்தபின் ஓட்டி எரிக்க முயல்வது பயனில்லை, ஸ்கேனரால்தான் செய்யவேண்டும். பாதியில் பாதியில் அணைத்துக்கொண்டே இருந்தால் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் எஞ்சின் ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் குறையாமல் ஏறுகிறது என்றால் மகிழவேண்டாம். டீசல் கலந்திருக்கிறது, உடனே ஆயில் மாற்றுங்கள். டிபிஎஃப் அழுத்தச் சென்சாருக்குப் போகும் இரண்டு ஹோஸில் ஒன்று விரிசல் விட்டாலும் இதே கோடு வரும், முதலில் அதைப் பாருங்கள்.

பெட்ரோலில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர், அதாவது புகையின் நச்சைக் குறைக்கும் பாகம். செக் எஞ்சின் விளக்கு எரிவதற்கும் சிமிட்டுவதற்கும் வித்தியாசம் உண்டு. சிமிட்டினால் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. உடனே ஆக்ஸிலேட்டரைக் குறையுங்கள். அப்படியே ஓட்டினால் உள்ளிருக்கும் தேன்கூடு உருகி வழியை அடைக்கும். பி0302 (இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர்) வந்தால் இரண்டாம் சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டுங்கள். கோடு பி0303 ஆக மாறினால் காயில். மாறாவிட்டால் அதேபோல் பிளக்கை மாற்றிப் பாருங்கள், பிறகு இன்ஜெக்டர். பணம் எதுவும் செலவாகாத சோதனை இது.

கன்வெர்ட்டர் அடைத்ததா என்று அறிய, முன்பக்க ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தக் கேஜ் மாட்டுங்கள். ஐடிலில் 0.1 பார், 2,500 ஆர்பிஎம்மில் 0.2 பார், இதைத் தாண்டினால் அடைப்பு. அடைத்த கன்வெர்ட்டரை மட்டும் மாற்றி, அடைக்க வைத்த மிஸ்ஃபயரை விட்டுவிட்டால் புதியதும் அதே கதியாகும்.

#13 மீட்டர்முள்

சிறிய விஷயம், ஆனால் அடிக்கடி தவறுகிறது: பிரேக் பெடல் சுவிட்ச். எலெக்ட்ரானிக் ஆக்ஸிலேட்டர் உள்ள பல வண்டிகளில் பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் ஒன்றாக மிதிபட்டதாக ஈசியூ நினைத்தால் பவரை வெட்டும். சுவிட்ச் தளர்ந்திருந்தால் பள்ளத்தில் குலுங்கும்போது இழுவை போய்ப் போய் வரும். பெடலைத் தொடாமலேயே பின்னால் பிரேக் விளக்கு எரிகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பி2138 என்றால் ஆக்ஸிலேட்டர் பெடலின் இரண்டு சென்சாரும் ஒத்துப்போகவில்லை. பல பெடல்களில் ஒன்றின் வோல்ட் மற்றதைப்போல் இரண்டு மடங்கு. லைவ் டேட்டாவில் மிக மெதுவாக மிதித்து இறக்கினால் எந்த இடத்தில் ஒன்று துள்ளுகிறது என்று தெரிந்துவிடும்.

#14 டீசல்கை

டீசலில் பி0234-க்குப் பதில் வேறு கோடு வந்தால்:

பி0299, பூஸ்ட் குறைவு, கூடவே கரும்புகையும் "ஸ்ஸ்" சத்தமும் என்றால் இன்டர்கூலர் (டர்போ தரும் காற்றைக் குளிர்விப்பது) ஹோஸ். கிளாம்ப் இருக்கும் இடத்தில் விசிறி விரித்த மாதிரி ஈரமான ஆயில் கறை தெரியும், காற்று அங்கேதான் பீறிடுகிறது. ஹோஸின் அடிப்பக்கத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். மேலே முழுதாக இருக்கும், கீழே கிழிந்திருக்கும்.

பி0087, ரெயில் அழுத்தம் குறைவு. முழு லோடில் கேட்டது 1,500 பார், வந்தது 1,100 என்று பிரியும். முதலில் ஃபில்டர், அடுத்து ஃபில்டருக்கு முன்னால் காற்று உறிஞ்சுகிறதா என்று. ஃபில்டருக்குப் போகும் லைனில் ஒளி ஊடுருவும் ஹோஸை மாட்டினால் குமிழி தெரியும். பிறகு இன்ஜெக்டர் ரிட்டர்ன் (இன்ஜெக்டரிலிருந்து திரும்பி வரும் டீசல்): நான்கு புட்டியில் ரிட்டர்ன் ஹோஸ்களை விட்டு மூன்று நிமிடம் ஐடிலில் ஓட்டுங்கள். மூன்றில் 20 மில்லி, ஒன்றில் 50 என்றால் அதுதான் கசிகிறது. ரிட்டர்ன் பக்கத்தை மட்டும் கழற்றுங்கள். ஓடும் எஞ்சினில் ரெயில் பக்கத்து இரும்புக் குழாயின் நட்டைத் தளர்த்தவோ, கசிவைக் கையால் தேடவோ கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசி குத்தியது போலத்தான் தெரியும், விரலையே எடுக்கவேண்டிவரும். பட்டுவிட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனை.

#15 நாலாம்கியர்

சொன்ன வரிசையில் பார்த்ததன் முடிவு:

சாவி ஆன், எஞ்சின் ஓடாமல்: மேனிஃபோல்ட் 98, காற்றழுத்தம் 98. சென்சார் சரி. ஐடிலில் கம்பி முழுதாக இழுபட்டிருக்கிறது. அணைத்ததும் கம்பி உடனே திரும்பவில்லை. 20 நொடிக்கு மேல் எடுத்து ஊர்ந்து இறங்குகிறது. மறுபடி ஸ்டார்ட் செய்து அணைத்து, ஹோஸை உருவியதும் டக்கென்று திரும்பிவிட்டது. கை பம்பில் சீராக ஏறுகிறது, முள் இரண்டு நிமிடம் இறங்கவில்லை.

அப்படியானால் சோலினாய்டா?

#16 டீசல்கை

ஆமாம், ஆனால் வால்வையும் இன்னும் வாங்கவேண்டாம். அதில் மூன்று வாய் இருக்கும்: ஒன்று வேக்குவம் பம்புக்கு, ஒன்று ஆக்சுவேட்டருக்கு, மூன்றாவது வெளிக்காற்றுக்கு. மூன்றாவதின் நுனியில் ஒரு சிறு நுரை ஃபில்டர் இருக்கும், அல்லது ஒரு ஹோஸ் ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போகும். அது அடைத்தால் வேக்குவத்தைக் கொடுக்க முடியும், எடுக்க முடியாது. உங்கள் கம்பி ஊர்ந்து இறங்குவது அதனால்தான்.

அந்த ஃபில்டரை எடுத்துவிட்டு அதே சோதனையைச் செய்யுங்கள். கம்பி உடனே இறங்கினால் ஃபில்டர் மட்டும் போதும். அப்போதும் ஊர்ந்தால் வால்வின் உள்வழி. ஹோஸ்களை உருவும் முன் ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டிக் குறியுங்கள்; இரண்டு இடம் மாறினால் புதுக் குறை ஒன்று சேரும்.

#17 நாலாம்கியர்

நுரை ஃபில்டர் கரியும் ஆயிலும் சேர்ந்து ரப்பர் மாதிரி இறுகியிருந்தது. எடுத்துவிட்டுப் பார்த்ததில் கம்பி ஒரு நொடியில் இறங்குகிறது. புது ஃபில்டர் போட்டு அதே மேட்டில் மூன்றாம் கியரில் முழுதாக மிதித்தபோது பக்கத்தில் இருந்தவர் பதிவு செய்தது: கேட்டது 230, அதிகபட்சம் வந்தது 237. மூன்று தடவை ஏறியும் விளக்கு எரியவில்லை. டர்போ கழற்றவே இல்லை.

இந்த ஃபில்டர் சர்வீஸ் பட்டியலில் எங்கும் இல்லை. எப்போது மாற்றுவது?

#18 டீசல்கை

ஏர் ஃபில்டர் மாற்றும்போதெல்லாம் இதையும் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். தடையில்லாமல் காற்று போகவேண்டும். கழுவிப் போடாதீர்கள், ஈரம் வால்வுக்குள் இழுபடும். மாட்டும்போது அதன் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும், தண்ணீர் தேங்காது. உள்ளே ஆயில் எப்படி வந்தது என்பதையும் விடவேண்டாம்: வேக்குவம் பம்பிலிருந்து வால்வுக்கு வரும் ஹோஸை உருவி உள்ளே ஒரு வெள்ளைத் துணியின் முனையைத் திணித்து எடுங்கள். ஆயில் ஒட்டி வந்தால் பம்பின் செக் வால்வ் ஆயிலை விடுகிறது, அதைச் சரிசெய்யாவிட்டால் இந்த ஃபில்டரும் சீக்கிரமே இறுகும். காய்ந்து வந்தால் கவலை இல்லை.

#19 நாலாம்கியர்

துணி காய்ந்துதான் வந்தது.